பஞ்சமத்துக்கு ஏறாதவர்

ஆவுடையார்கோவில் ஆனித் திருமஞ்சனப் புறப்பாட்டில் மல்லாரி முடிந்து நாயனக்காரர் காம்போதி எடுத்துவிட்டால், கூட நடக்கிற ரசிகர்களுக்கு ஒரே கவலைதான். மனுஷன் இன்றைக்காவது தாரஸ்தாயி பஞ்சமத்தைத் தொடுவாரா? தொடுவதில்லை. காந்தாரத்தில் ஒரு மூச்சு நின்று, அங்கேயே ஒரு சுழி சுழித்துவிட்டு இறங்கிவிடுகிறார். “ஞானம் இருக்கு, தன்னம்பிக்கைதான் இல்லை” என்று டீக்கடையில் தீர்ப்பு.

நான் அவர் கட்சி. அவரைப் பாருங்கள். ஏறுவதற்கு முன் நாயனத்தின் சீவாளியை ஒருதரம் நாக்கால் தடவிப் பார்க்கிறார். இரண்டு மணி நேரம் நின்றும் நடந்தும் ஊதிய சீவாளி ஊறித் தளர்ந்திருக்கும். அதை வைத்துப் பஞ்சமத்துக்குப் போனால் சுருதி பிசகும். பக்கத்தில் வாசிக்கும் இளைஞர் ஏறுகிறார், பிசகுகிறார், கைதட்டும் வாங்குகிறார். (நம் ரசிகர்களுக்கு உச்சியும் உரப்பும் ஒன்றுதான்.)

இதே கோயிலில் தலையை நிமிர்த்தினால் கல்லில் கம்பியும் ஆணியும் காட்டிய கொடுங்கை. ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்பார்களாம். அப்படி எழுதியவனுக்குத் தன்மதிப்புக் குறைவா? தன் உளி எதுவரை போகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கர்வத்துக்குப் பேர்போன திருவாவடுதுறை நாயன வித்வானைக் காட்டி மடக்குவார்கள். கர்வி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உச்சத்தில் அலறிய திமிரியை விட்டு, நீண்ட பாரி நாயனத்துக்கு வந்து சுருதியைத் தாழ்த்தியவரும் அவர்தானே? இந்த ஊர் வீதியில் உற்சவராக வருகிற மாணிக்கவாசகரோ, தன்னை நாய் என்று சொல்லிச் சொல்லியே பாடினார். அந்தத் திருவாசகத்தைத்தான் 1900-இல் ஜி.யு. போப் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

இனி என் ஜோசியம். அந்த இளைஞருக்கு அடுத்த ஆண்டு கல்யாண முகூர்த்தம் ஒன்றும் ஒழியாது. மூன்றாம் ஆண்டு உதடு தகராறு செய்யும். நம்மாள் மார்கழித் திருவாதிரைக்குப் புதுச் சீவாளியோடு வருவார். விடியற்காலைப் பனியில், அசல் காம்போதியில், பஞ்சமத்தை ஒருமுறை பிடிப்பார். டீக்கடைக்காரர்கள் “இப்பத்தான் நம்பிக்கை வந்திருக்கு” என்பார்கள். மறுநாளே அவர் காந்தாரத்தோடு திரும்பிவிடுவார். பழைய தீர்ப்பையும் திரும்ப எழுதுவார்கள்.