டர்போ காருக்கு எந்த பிளாக்?

பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்கள், கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் இருக்கைகள், தண்ணீரும் ஆயிலும் ஓடும் வழிகள் ஆகிய அனைத்தையும் ஒரே வார்ப்பில் கொண்ட அடிப்பகுதியே எஞ்சின் பிளாக் எனப்படுகிறது. டர்போ, இன்ஜெக்டர், கட்டுப்பாட்டுக் கணினி போன்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியும். பிளாக்கைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டாலோ அதன்மேல் செய்த செலவு அத்தனையும் வீணாகும். ஆகவே 400 குதிரைத்திறன் அளவில் ஒரு பந்தயக் காரைக் கட்ட நினைப்பவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான், கடைசியில் யோசிப்பதற்கு விடக்கூடியது அன்று.

கோவைக்கு இக்கேள்வி புதிதல்ல. 1988இல் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய எஸ். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய செட்டிபாளையம் பந்தயத் தடம் 2003இல் திறக்கப்பட்டது. 2018இல் டாடா நிறுவனமும் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாக வெளியிட்ட டியாகோ ஜேடிபி காரில், நெக்ஸானுக்குரிய 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 114 குதிரைத்திறனும் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருமாறு அமைக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளருக்கு உத்தரவாதம் தந்து விற்க வேண்டியவர்கள் நிற்கும் எல்லை அது. அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்பவர், தொழிற்சாலை வகுத்த பாதுகாப்பு வரம்பைத் தாண்டிச் செல்கிறார் என்பதை உணர்ந்தே பிளாக்கைத் தேட வேண்டும்.

அப்போது பிளாக்கின்மேல் விழும் சுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6500 சுழற்சியில் 400 குதிரைத்திறன் தர வேண்டுமானால், அது ஏறத்தாழ 438 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தந்தாக வேண்டும். அதற்குச் சிலிண்டருக்குள் நிலவ வேண்டிய சராசரிப் பயனழுத்தம் சுமார் 28 பார். டர்போ இல்லாத சாதாரண கார் எஞ்சினில் இது 12 பார் அளவில்தான் இருக்கும். எரிதலின் உச்சத்தில் அழுத்தம் 100 பாரை எட்டும்போது, 82.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் தலையில் ஐந்தரை டன்னுக்குச் சற்றுக் குறைவான விசை இறங்குகிறது. அதே விசை மேலே சிலிண்டர் ஹெட்டைத் தூக்கப் பார்க்கிறது, பக்கவாட்டில் சிலிண்டர் சுவரை விரிக்கப் பார்க்கிறது, கீழே பேரிங் மூடிகளைப் பிளாக்கிலிருந்து பிரிக்கப் பார்க்கிறது.

இதைத் தாங்கும் திறனை முதலில் தீர்மானிப்பது டெக், அதாவது ஹெட் அமரும் மேல்தளம். சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தண்ணீர்க் குடைவு மேலே முழுவதும் திறந்திருந்தால் அது திறந்த டெக். சிறு துளைகள் மட்டும் விட்டு உலோகத்தால் மூடியிருந்தால் மூடிய டெக். திறந்த டெக்கில் சிலிண்டரின் மேல்விளிம்புக்குப் பக்கத்துணை இல்லாததால், டர்போ அழுத்தத்தின்கீழ் அது நுண்ணிய அளவில் ஆடுகிறது. அந்த ஆட்டமே ஹெட் கேஸ்கெட் ஊதிப்போவதற்குப் பல நேரங்களில் காரணமாகிறது. இரண்டாவதாக உலோகத்தைக் கவனிக்க வேண்டும். அலுமினியம் எடையில் வார்ப்பிரும்பின் பாதியைவிடக் குறைவு, வெப்பத்தையும் விரைவாகக் கடத்துகிறது. ஆனால் அதன் விறைப்பு வார்ப்பிரும்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவே, சூட்டில் விரிவதோ ஏறத்தாழ இரு மடங்கு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்தியச் சாலைகளில் எளிதாகக் கிடைக்கும் பிளாக்குகள் தாமாகவே வரிசைப்படுகின்றன. மாருதி எஸ்டீமின் 1298 சிசி எஞ்சின் அலுமினிய பிளாக்கும் 74 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) கொண்டது. எடை குறைந்த காரில் மிதமான டர்போவுக்கு அது போதுமே தவிர, 400 குதிரைத்திறனுக்கு அதைக் கேட்பது நியாயமன்று. இன்றைய ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் 1.0 லிட்டர் டிஎஸ்ஐ, திறந்த டெக் கொண்ட அலுமினிய வார்ப்பு. அன்றாடக் காருக்கு அருமையான வடிவமைப்பு, இந்த வேலைக்கு உரியதன்று. இங்கு எளிதில் கிடைக்காத டொயோட்டாவின் 2ஜேஇசட், 86 மில்லிமீட்டர் போரும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தொலைவு) ஏழு பிரதான பேரிங்குகளும் கொண்ட வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் உலகெங்கும் போற்றப்படுகிறது. எனினும் அந்த நீண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கோவைக்குக் கொண்டுவர ஆகும் செலவும், சிறிய காரின் முன்பக்கத்தில் அது ஏற்றும் பாரமும், 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் செட்டிபாளையம் தடத்துக்குப் பொருந்தவில்லை.

மிஞ்சுபவை ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரண்டு வார்ப்பிரும்பு பிளாக்குகள். ஒன்று, 2004இல் ஆக்டேவியா ஆர்எஸ் காரில் இந்தியா வந்த 1.8 டர்போ, மற்றொன்று, 2009 முதல் சூப்பர்ப், லாரா கார்களில் வந்து பின்னர் 2 லிட்டராகவும் கிடைத்த இஏ888. இரண்டிலும் அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவு 88 மில்லிமீட்டர். பழைய 1.8இன் போர் 81 என்பதால் இரு சிலிண்டர்களுக்கு இடையே 7 மில்லிமீட்டர் இரும்பு நிற்கிறது. இஏ888இன் போர் 82.5 என்பதால் அங்கே ஐந்தரை மில்லிமீட்டர்தான் உள்ளது. ஆகவே பழையதை 83 வரை ரீபோர் செய்தாலும் 5 மில்லிமீட்டர் மிஞ்சும்; புதியதிலோ போரைப் பெரிதாக்கும் ஆசையைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். ஈடாக, 92.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கினால் இஏ888 1984 சிசி கொள்ளளவைப் போரைத் தொடாமலேயே தருகிறது, அதன் டெக்கும் மூடியது. வலுவான கனெக்டிங் ராடும் ஃபோர்ஜ்டு பிஸ்டனும் பொருத்தினால் 400 குதிரைத்திறன் இந்த பிளாக்குக்குப் பெரும் சோதனையன்று. மூன்றாம் தலைமுறை இஏ888 1.8இல் உராய்வைக் குறைக்கப் பிரதான பேரிங்குகளைச் சிறிதாக்கியிருக்கிறார்கள் என்பதால், முந்திய தலைமுறையையோ 2 லிட்டரையோ நாடுவது நல்லது.

வார்ப்பிரும்பைப் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம் மண்ணோடு சேர்ந்தது. பம்ப், மோட்டார் வார்ப்படங்களால் வளர்ந்த கோவையிலும், லாரிகளும் ரிக் வண்டிகளும் நிறைந்த நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்திலும், டீசல் எஞ்சினுக்கு லைனர் இறக்குவது, போரிங் செய்வது, ஹோனிங் கல்லால் சுவரில் குறுக்குக் கோடிடுவது ஆகியவை அன்றாட வேலைகள். இரும்பை அறுக்கும்போது டூல் எப்படி நடந்துகொள்ளும் என்பது இங்குள்ள மெஷினிஸ்ட்டுகளின் கைக்குத் தெரியும். அலுமினிய பிளாக்கில் மெல்லிய லைனரை நீக்கிப் புது ஸ்லீவ் பொருத்தும் வேலையில் அத்தகைய பழக்கம் பரவலாக இல்லை. உள்ளூரில் சரிசெய்ய முடிவதே பந்தய வீரருக்குப் பெரிய பலம்.

ஆனால் அந்த டீசல் பழக்கத்தோடு மட்டும் நின்றுவிடக் கூடாது. பழைய பிளாக்கை வாங்குபவர் அதைக் கொதிநீரில் கழுவச் செய்து, காந்தத்தூள் சோதனையால் விரிசல் பார்த்து, மீயொலிக் கருவியால் சுவரின் கனத்தை அளக்க வேண்டும். அதன்பின் டயல் போர் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று உயரங்களிலும், ஒவ்வொரு உயரத்தில் கிராங்க் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் வைத்துப் படிக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு டேப்பர், இரு திசைகளுக்கும் உள்ள வேறுபாடு நீள்வட்டத் திரிபு. மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே ஆனாலும் இவை பிஸ்டன் ரிங்கின் பிடியைக் கெடுக்கும். ஹோனிங் செய்யும்போது டார்க் பிளேட் எனப்படும் கனத்த தகட்டை, ஹெட் போல்ட்டுகளுக்குரிய அதே முறுக்கில் பிளாக்கின்மேல் இறுக்கியிருக்க வேண்டும். ஏனெனில் ஹெட் இறுகும்போது போர் சற்றே உருமாறுகிறது. இறுகிய நிலையில் வட்டமாக இருப்பதே உண்மையான வட்டம். பல பட்டறைகள் இத்தகடு இல்லாமலே வேலையை முடித்துவிடுகின்றன. ஹெட் கேஸ்கெட்டின் துளைகளை அளவாகக் கொண்டு கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு சிஎன்சி கூடத்தில் இதைச் செய்துகொள்ள முடியும். அந்தச் செலவைத் தவிர்ப்பது சரியான சிக்கனம் ஆகாது.

எஞ்சினை மாற்றிய காரை உரிய ஒப்புதலின்றிச் சாலையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதால், இங்குப் பேசப்படும் கார் தடத்துக்கு மட்டுமே உரியது. அந்த வரம்புக்குள், 400 குதிரைத்திறன் வரை எண்ணுபவருக்கு இஏ888 2 லிட்டர் பிளாக்கே முதல் தேர்வு. போரைப் பெரிதாக்கியே ஆக வேண்டும் என்பவருக்கு, விரிசல் சோதனையில் தேறிய பழைய 1.8 டர்போ பிளாக் கிடைத்தால் அதுவே மேல். எதுவாயினும், அளந்து எழுதிய அளவுத்தாளைக் கையில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்கவும்.