சும்மா கிடக்கும் கணினியின் கணக்கு

வீட்டு மேசையின்மீது வேலையின்றிக் கிடக்கும் கணினியின் கணக்கிடும் திறனை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுத்துதவும் வழக்கம் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. தன்னார்வக் கணிமை என்று சொல்லத்தக்க இம்முறையில், பங்கேற்பவர் ஒரு சிறு மென்பொருளைத் தம் கணினியில் நிறுவுகிறார். அது ஆய்வுக்கூடத்தின் வழங்கிக் கணினியிலிருந்து இணையம் வழியாக ஒரு பணித்துண்டைப் பெற்று, உரியவர் கணினியைப் பயன்படுத்தாத நேரத்தில் அதைக் கணக்கிட்டு முடித்து, விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த துண்டைக் கேட்கிறது. 1999 மே மாதம் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடுவதற்காகத் தொடங்கப்பட்ட செட்டி அட் ஹோம் இம்முறையைப் பொதுமக்களிடம் பரப்பியது. அதைத் தொடர்ந்து 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், தேடலை விண்ணிலிருந்து உடலுக்குள் திருப்பியது. இத்திட்டங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பாராட்டாகவே அமைந்துவிடுகின்றன. பாராட்டுக்குரியவை அவற்றில் உண்டு. ஆனால் இவ்வழக்கத்தின் அடித்தளமாக இருந்த ஓர் எண்ணம், அதாவது சும்மா கிடக்கும் திறன் செலவற்றது என்னும் எண்ணம், காலத்தால் பொய்த்துவருகிறது என்பதையும் சேர்த்தே இதனை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இம்முறை ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தம். உடலின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்யும் புரதம், அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட ஒரு நீண்ட மூலக்கூறு. அச்சங்கிலி தனக்குரிய வடிவில் மடிந்த பின்னரே வேலை செய்யத் தொடங்குகிறது. மடிப்பு பிறழ்வதற்கும் அல்சைமர் போன்ற நோய்களுக்கும் தொடர்பு இருப்பதால், மடியும் அசைவைக் கணினியில் பின்தொடர முடிந்தால் நோயின் வேரை நெருங்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். இடர்ப்பாடு அசைவின் வேகத்தில் இருக்கிறது. அணுக்களின் நடுக்கம் மிக நுண்ணிய கால அளவில் நிகழ்வதால், ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்து, அப்பகுதிகளில் இரண்டிரண்டாக அடியெடுத்து வைத்துத்தான் கணக்கிட முடியும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் மடிந்து முடியும் புரதத்துக்கு இக்கணக்கில் 50,000 கோடி அடிகள் தேவை. ஒரு நாள் முழுவதும் உழைத்து நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை மட்டும் கணித்து முடிக்கும் ஒற்றைக் கணினி, அந்த மடிப்பைப் பார்த்து முடிக்க 2,700 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டைக் கட்ட ஆயிரம் கொத்தனார்களை அமர்த்தினாலும் கூரைக்கு முன் சுவர் எழுந்தாக வேண்டும் என்பதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் அசைவுகளைப் பல கணினிகளுக்குப் பங்கிட முடியாது என்பதே தொடக்கத்தில் எழுந்த தடை. ஃபோல்டிங் அட் ஹோம் குழுவினரின் உண்மையான சாதனை, மக்களிடம் கணினியைக் கேட்டுப் பெற்றதைவிட, இத்தடையைத் தாண்டும் கணித வழியைச் செம்மைப்படுத்தியதில்தான் இருக்கிறது. ஒரே நீண்ட பயணத்தைத் தொடர்வதற்குப் பதிலாக, வெவ்வேறு நிலைகளிலிருந்து தொடங்கும் ஆயிரக்கணக்கான குறும்பயணங்களைத் தனித்தனிக் கணினிகளில் ஓடவிட்டு, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் புரதம் எவ்வளவு வாய்ப்புடன் தாவுகிறது என்பதைப் புள்ளியியல் முறையில் கோத்து முழுப் படத்தை வரையும் இவ்வழி, மார்க்கோவ் நிலை மாதிரி எனப்படுகிறது. இதே சிக்கலுக்கு நேர் எதிரான விடையை டி. இ. ஷா ஆய்வகம் கண்டது. அணு அசைவைக் கணிப்பதற்கென்றே ஆன்டன் என்னும் தனிக் கணினியைக் கட்டி, 2010-இல் ஒரு சிறு புரதத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அசைவை ஒரே தொடராகக் கணித்துக் காட்டியது. பணமும் பொறியியல் வல்லமையும் உள்ளவர்க்கு இரண்டாவது வழி இருந்தது என்பதும், அவை இல்லாத ஒரு பல்கலைக்கழகக் குழு முதல் வழியால் ஏறத்தாழ அதே எல்லையைத் தொட்டது என்பதும் சேர்ந்தே தன்னார்வக் கணிமையின் மதிப்பை உணர்த்துகின்றன.

மருந்துத் தேடல் இதைவிட எளிதாகத் துண்டாடத்தக்கது. நோயோடு தொடர்புடைய புரதத்தின் பள்ளத்தில் இலட்சக்கணக்கான சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, ஒட்டக்கூடியவற்றை மட்டும் ஆய்வுக்கூடச் சோதனைக்கு அனுப்பும் இவ்வேலையில், ஒரு சேர்மத்தின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. 2004 நவம்பரில் ஐபிஎம் நிறுவனம் தொடங்கிய வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் வழியாக, ஜப்பானின் சிபா புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர் நியூரோபிளாஸ்டோமா என்னும் குழந்தைப் புற்றுநோய்க்காக 30 இலட்சம் சேர்மங்களைச் சலித்து, அந்தப் புற்றுச் செல்களை அழிக்கவல்ல ஏழினை 2014-இல் அறிவித்தனர். சலித்தெடுத்த ஏழும் மருந்தாகிவிடவில்லை. சல்லடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே நச்சுத்தன்மைச் சோதனை, விலங்குச் சோதனை, மனிதச் சோதனை என்னும் நெடுந்தொலைவு இருக்கிறது, அத்தொலைவில் வீட்டுக் கணினிகளால் உதவ இயலாது.

இவ்வழக்கத்தின் உச்சம் 2020-இல் நேர்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் உலகம் கதவடைத்திருந்த மாதங்களில், ஏறத்தாழ 30,000 கருவிகளுடன் இயங்கிவந்த ஃபோல்டிங் அட் ஹோமில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் இணைந்தன. நொடிக்கு ஒன்றின் பின் பதினெட்டுச் சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் கணக்குகளைச் செய்யும் எக்ஸாஃப்ளாப் எல்லையை, உலகின் எந்த மீக்கணினிக்கும் முன்பாக அது மார்ச் மாத இறுதியில் கடந்தது. அத்திறனைக் கொண்டு, அப்போது கிரெக் போமன் தலைமையில் இயங்கிய குழு, கொரோனா வைரசின் முட்புரதம் மனித உயிரணுவைப் பற்றிக்கொள்வதற்காக எவ்வளவு அகலமாக வாய் திறக்கிறது என்பதையும், உறைந்த படங்களில் தென்படாமல் அசைவின்போது மட்டும் திறந்து மூடும் மறை பள்ளங்கள் அவ்வைரசின் புரதங்களில் ஐம்பதுக்கும் மேல் இருப்பதையும் 2021-இல் வெளியிட்டது. மருந்து சென்று அமர்வதற்குப் புதிய இடங்களைக் காட்டியது என்ற அளவில் இது பெரும் பயன். ஆனால், மீக்கணினியை வென்றுவிட்டது என்ற அன்றைய ஆரவாரத்தைச் சற்றுக் கழித்தே கொள்ள வேண்டும். ஏனெனில் மீக்கணினியின் வேகம் அதன் உறுப்புகள் அனைத்தும் ஒரே கணக்கில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு உழைக்கையில் அளக்கப்படுவது, வீட்டுக் கணினிகளின் வேகமோ ஒன்றையொன்று அறியாத தனித்தனி உழைப்புகளின் கூட்டல். வானிலைக் கணிப்பு போன்ற வேலைகளுக்கு முன்னது மட்டுமே பயன்படும்.

அந்த ஆரவாரத்தினிடையே அதிகம் பேசப்படாத ஒன்றும் நிகழ்ந்தது. இணைந்த கணினிகளுக்குக் கொடுக்கப் போதுமான பணித்துண்டுகள் இல்லாமற்போயின. வழங்கிக் கணினிகள் திணறின. உதவ வந்தவர்களின் கருவிகள் வேலைக்காக வரிசையில் காத்திருந்தன. விருந்துக்கு அழைத்தவர் இலை போட மறந்ததுபோன்ற இந்நிலையில், திட்ட நடத்துநர்களைக் குறைகூறுவது அவ்வளவு நியாயமன்று. சில வாரங்களில் முப்பது மடங்காகப் பெருகிய கூட்டத்தை எவராலும் எதிர்பார்த்திருக்க முடியாது. எனினும் கணக்கிடும் திறன்தான் ஆராய்ச்சியின் முதன்மையான பற்றாக்குறை என்ற கருத்தை அது கேள்விக்குள்ளாக்கியது. எந்தப் புரதத்தை எந்த நிலையிலிருந்து ஓடவிடுவது என்று தீர்மானிக்கும் ஆய்வாளர், திரும்பிவரும் தரவைச் சேமித்துப் பகுக்கும் ஏற்பாடு, முடிவைச் சோதனைக் குழாயில் சரிபார்க்கும் கூடம் ஆகியவையே அருமையானவை. மக்களிடம் கேட்டுப் பெற எளிதான ஒன்றைத் திட்டங்கள் கேட்கின்றன. கேட்டுப் பெற முடியாத மற்றவற்றுக்கு மானியத்தையே நம்பியிருக்கின்றன. வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் 2021-இல் ஐபிஎம்மின் கையிலிருந்து டொரண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்கு மாறிய பின், இடமாற்றப் பணிகளால் அடுத்த ஆண்டில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததும் இதையே உறுதிப்படுத்துகிறது. அப்போது கொடுக்கக் காத்திருந்த கணினிகளுக்குக் குறைவில்லை.

இனி, செலவற்றது என்னும் அடித்தள எண்ணத்துக்கு வரலாம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது பெருமளவு உண்மையாகவே இருந்தது. அன்றைய மேசைக் கணினியின் மையச் செயலி வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மின்சாரத்தை உறிஞ்சுவதில் பெரிய வேறுபாடு காட்டவில்லை. திரைக்காப்பானில் வண்ணக் குழாய்களை ஓடவிட்டுக்கொண்டு வீணாகும் மின்னாற்றலைப் புரதத்துக்குத் திருப்பிவிடுவது நியாயமான சிக்கனமே. அதன்பின் வந்த செயலிகள், வேலையில்லாதபோது தம் துடிப்பைக் குறைத்து, பகுதிகளை அணைத்து, ஏறத்தாழ உறங்கிவிடக் கற்றுக்கொண்டன. சும்மா இருக்கையில் 50 வாட் எடுக்கும் கணினி முழு வேகத்தில் 150 வாட் எடுக்குமானால், இடைப்பட்ட 100 வாட் முன்பு வீணாகிக்கொண்டிருந்ததன்று, இப்போது புதிதாக வாங்கப்படுவது. நாள் முழுவதும் ஓடினால் அது 2.4 யூனிட். மையச் செயலியைவிட இவ்வேலைக்குப் பன்மடங்கு வேகமான கிராபிக்ஸ் கார்டு 300 வாட் எடுத்து இரவும் பகலும் உழைத்தால் இரண்டு மாதத்தில் 432 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் விலையின்றிப் பெறும் தமிழ்நாட்டு வீடு ஒன்றின் மின்கட்டண அட்டையில் இது மறைந்துவிடக்கூடிய எண் அன்று. நிலக்கரியையே பெரிதும் நம்பியிருக்கும் இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதாகக் கொண்டால், அந்த இரண்டு மாத உதவியின் நிழலாக ஏறத்தாழ 300 கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது. பனிநாட்டுப் பங்கேற்பாளர் கணினியின் வெப்பம் அறையைச் சூடாக்கும் செலவைக் குறைக்கிறது என்று சொல்வதுண்டு. குளிர்காலத்தில் அது சரியே. சென்னையின் மே மாதத்தில் அதே வெப்பத்தை வெளியேற்ற ஏசி கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

இதனால் கொடுப்பது தவறாகிவிடவில்லை. எஞ்சியதைக் கொடுத்தல் என்ற வகையிலிருந்து, பணம் செலவிட்டுக் கொடுத்தல் என்ற வகைக்கு அது மாறிவிட்டது; எனவே பிற நன்கொடைகளிடம் கேட்கப்படும் கேள்விகள் இதனிடமும் கேட்கப்பட வேண்டும். அந்த மின்சாரத்தின் விலையை ஆய்வுக்கூடத்துக்கு நேரடியாக அனுப்பியிருந்தால் கூடுதல் பயன் விளைந்திருக்குமா என்பது அவற்றுள் முதன்மையானது. பழைய கணினி செய்யும் கணக்கைப் புதிய தரவு மையம் அதன் மின்செலவில் பாதிக்கும் குறைவாக முடித்துவிடக்கூடும். அதோடு, பல திட்டங்களின் பொது மேடையான பாயிங்க் மென்பொருள், முகமறியாத கணினியின் விடையை நம்ப முடியாது என்பதால், ஒரே பணித்துண்டை இரு வேறு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும் வசதியைக் கொண்டிருக்கிறது. அறிவியலுக்கு அது இன்றியமையாத காப்பு என்றாலும், அதைக் கையாளும் திட்டத்தில் கொடுத்த திறனில் பாதி சரிபார்ப்புக்கே சென்றுவிடுகிறது. மேலும், பங்கேற்பை ஊக்குவிக்க வைக்கப்பட்ட புள்ளிப் பட்டியலும் அணிப் போட்டியும், இப்பணிக்கென்றே புதிய கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கி அடுக்குவோரை உருவாக்கியிருக்கின்றன. சும்மா கிடந்த கணினி என்ற சொல் அவர்கள் அறையில் பொருளிழந்துவிடுகிறது.

யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பது அடுத்த வினா. 2003-இல் யுனைடெட் டிவைசஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் பிறரும் இணைந்து நடத்திய பெரியம்மை ஆராய்ச்சித் திட்டத்தில், பொதுமக்களின் கணினிகள் மூன்றரைக் கோடி மூலக்கூறுகளைச் சலித்து 44-ஐத் தேர்ந்தெடுத்தன. முடிவுகள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. பெரியம்மை ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல். ஒழிந்த நோய்க்கு மருந்து தேடியதன் காரணம் உயிரியல் ஆயுதம் பற்றிய அச்சம். அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மருத்துவ ஆராய்ச்சி என்ற பொதுப்பெயருக்குள் குழந்தைப் புற்றுநோயும் படைத்துறைக் காப்பும் ஒருங்கே அடங்கிவிடும்போது, பெயரை மட்டும் பார்த்துப் பொத்தானை அழுத்துபவர் முழு இசைவு தந்தவராகார். அலுவலகம், கல்லூரி ஆகியவற்றின் கணினிகளில் மேலிடத்தைக் கேளாமல் இத்தகைய மென்பொருளை நிறுவுவோர் வேறொரு பிழையைச் செய்கின்றனர். மின்கட்டணம் கட்டுபவர் ஒருவர், கொடையாளி என்ற பெயரைப் பெறுபவர் மற்றொருவர்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இவ்வழக்கமே தேவையற்றுப்போனது என்ற வாதம் இப்போது அடிக்கடி எழுகிறது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு 2022-க்குள் 20 கோடிப் புரதங்களின் வடிவத்தை ஊகித்து வெளியிட்டதும், 2005-இல் ரொசெட்டா அட் ஹோம் என்னும் தன்னார்வக் கணிமைத் திட்டத்தைத் தொடங்கிய ஆய்வகத்தின் தலைவரான டேவிட் பேக்கரே ஆழ்கற்றல் முறைகளுக்கு நகர்ந்ததும், 2024-இன் வேதியியல் நோபல் பரிசை டீப்மைண்டின் ஹஸாபிஸ், ஜம்பர் இருவரோடு அவர் பகிர்ந்துகொண்டதும் இவ்வாதத்துக்கு வலுச்சேர்ப்பன போலத் தோன்றும். வடிவத்தைக் கண்டறிவதே நோக்கமாகக் கொண்ட திட்டங்களைப் பொறுத்தவரை வாதம் செல்லும். ஆனால் ஆல்ஃபாஃபோல்டு தருவது ஒரு நிழற்படம். முட்புரதத்தின் வாய் எப்படித் திறக்கிறது, மறை பள்ளம் எக்கணத்தில் தோன்றி மறைகிறது என்பது அப்படத்தில் இல்லை. அசைவைக் கணிப்பதற்கு இன்றும் அடியடியாக நடந்தே தீர வேண்டியிருக்கிறது.

குறைகள் அனைத்தையும் எடைபோட்ட பின்னும் தன்னார்வக் கணிமைக்குச் சாதகமாக நிற்கும் மிக வலுவான சான்று கோவிட் மூன்ஷாட் என்னும் முயற்சி. 2020 மார்ச்சில் தொடங்கிய அதில், கொரோனா வைரசின் முதன்மைப் புரத நொதியைத் தடுக்கும் சேர்மங்களை உலகெங்கும் உள்ள வேதியியலாளர் வரைந்து அனுப்பினர். 18,000-க்கும் மேற்பட்ட அவ்வரைவுகளைத் தரம்பிரிக்கும் கணக்குகளை ஃபோல்டிங் அட் ஹோமின் வீட்டுக் கணினிகள் செய்தன. தேர்ந்தவற்றில் ஏறத்தாழ 2,400 சேர்மங்கள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிச் சோதிக்கப்பட்டன. காப்புரிமையின் வேலி இல்லாமல் தரவு முழுவதும் பொதுவில் வைக்கப்பட்டது. கணினி, ஆய்வாளர், ஆய்வுக்கூடம் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே வினாவின்மீது குவிந்திருந்தமையால் அங்கே கொடுத்த திறன் தேங்கவில்லை, விளைவும் ஒரு நிறுவனத்தின் பெட்டகத்துக்குள் போகவில்லை. இவ்விரண்டும் உள்ள திட்டத்துக்கு 432 யூனிட்டைக் கொடுப்பதும், இரண்டும் இல்லாத திட்டத்துக்குக் கொடுப்பதும் மென்பொருளின் திரையில் ஒரே பச்சைப் பட்டையாகத்தான் தெரிகின்றன.

அப்பட்டைக்கு அருகே, இத்துண்டுக்குச் செலவான மின்சாரம் எவ்வளவு, இத்திட்டத்துக்கு இப்போது திறன் போதாமலிருக்கிறதா மிகுந்திருக்கிறதா, விடை யாருடைய உடைமையாகும் என்னும் மூன்றையும் காட்டுவது கடினமான பொறியியல் அன்று. இவ்வகையில் முன்மாதிரி காட்டியது, வியப்புக்குரிய முறையில், மருத்துவத்தோடு தொடர்பே இல்லாத அந்த முதல் திட்டம். கையிலிருந்த தரவில் பெரும்பகுதி அலசப்பட்டுவிட்டது, மேலும் கணக்கிடுவதால் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே வருகிறது, இனி விடைகளைப் பகுத்து எழுதும் வேலையே எஞ்சியிருக்கிறது என்று காரணம் கூறி, செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31-ஆம் நாள் பணித்துண்டு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. பத்து இலட்சம் கருவிகள் கொரோனாவுக்காக வேலை கேட்டு வரிசையில் நின்றதும் அதே பருவத்தில்தான்.