கணக்கில் வராத முகங்கள்

முகமூடி வீரர்களை மாசற்ற காவலர்களாகவே காட்டிவந்த அமெரிக்கச் சித்திரக்கதை மரபைக் கேள்விக்குள்ளாக்கிய படைப்புகளுள் தலையாயது 'வாட்ச்மென்'. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986-87ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக அது வெளிவந்தது. அதன் இறுதி இதழ் எழுப்பும் வினா இன்றும் நம்மை உறுத்துகிறது: பலரைக் காக்கச் சிலரைக் கொல்லலாமா?

கதை நிகழும் காலம் 1985. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுப்போரின் விளிம்பில் நிற்கின்றன. முன்னாள் முகமூடி வீரனும் பெருஞ்செல்வனுமான ஏட்ரியன் வைட், வேற்றுலக உயிரி தாக்கியதுபோல் ஒரு பொய்யை அரங்கேற்றி, நியூயார்க் மக்களில் பாதிப்பேரைக் கொன்றுவிடுகிறான். பொதுப் பகைக்கு அஞ்சிய வல்லரசுகள் கைகோக்கின்றன. அவன் கணக்குப் பலித்துவிடுகிறது.

இறுதி இதழ் உரையாடலோடு தொடங்கவில்லை. முதல் ஆறு பக்கங்களும் முழுப்பக்க ஓவியங்கள், எங்கும் பிணங்கள், பேச்சே இல்லை. நாளிதழ் விற்கும் முதியவர், காசு கொடாமல் அவர் கடையோரம் கதை படிக்கும் சிறுவன் ஆகியோரை முந்தைய இதழ்களில் நாம் அறிந்திருக்கிறோம். தம் இருவர் பெயரும் பெர்னார்ட் என்பதைச் சாவுக்குச் சற்றுமுன்தான் அவர்கள் அறிகிறார்கள். மனநல மருத்துவர் மால்கம் லாங், மனைவி தடுத்தும் கேளாமல், தெருச் சண்டையை விலக்கச் செல்லும் வேளையில் மடிகிறார். வைட் எண்ணிக்கையைப் பார்க்கிறான். ஓவியர் முகங்களைக் காட்டுகிறார். நூலின் தீர்ப்பு இங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்பது நம் கருத்து.

அமைதி குலையாதிருக்க உண்மையை மறைக்க ஏனையோர் இசைகின்றனர். ரோர்ஷாக் மட்டும் மறுத்து உயிரிழக்கிறான். எனினும் அவனைச் சான்றோனாக்கிவிட மூர் இடந்தரவில்லை. இரக்கமின்றிக் கொல்பவன் அவன். ஜப்பான்மீது அணுகுண்டு வீசியதால் பல இலட்சம் உயிர்கள் பிழைத்தன என்று சிறுவயதில் கட்டுரை எழுதியவனும் அவனே. வைட்டின் கணக்கு அவனுள்ளும் ஒருகாலத்தில் குடியிருந்தது, ஒருவேளை நம்முள்ளும்.

குறை ஒன்று உண்டு. டேனும் லாரியும் மௌனத்துக்கு உடன்படுவது ஒரு சில கட்டங்களில் முடிந்துவிடுகிறது. அத்தனை பிணங்களுக்குப் பின் அவர்தம் மனப்போராட்டம் இன்னும் விரிந்திருக்க வேண்டும்.

வேறு வழியே இல்லை என்பதே வைட்டின் வாதத்திற்கு அடித்தளம். ஆனால் இவ்விதழ் வெளிவந்த அதே 1987இன் டிசம்பரில், ரீகனும் கோர்பச்சேவும் வாஷிங்டனில் ஒப்பமிட்டு, நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்க உடன்பட்டனர். எந்த நகரையும் பலியிடாமல், பேச்சுவார்த்தையால் திறந்த வழி அது. 'வேறு வழியில்லை' என்று சொல்லி உயிர்களை விலைபேசுவோரை இனிக் காணும்போது, அந்தத் தெருமுனைக் கடையும் இரு பெர்னார்டுகளும் நம் நினைவுக்கு வரட்டும்.