பற்று நோட்டு என்னும் பிரதி

பொருளியல் பாடநூல்களில் ஒரு மனிதன் வருகிறான். அவனுக்கு ஊர் கிடையாது, சாதி கிடையாது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கையில் குறிப்பிட்ட தொகை இருக்கிறது. எதிரே ஆப்பிளும் ஆரஞ்சும் இருக்கின்றன. கடைசி ரூபாயை எதில் போட்டாலும் கிடைக்கிற திருப்தி ஒன்றுதான் என்று ஆகும்வரை இதில் கொஞ்சம் குறைத்து, அதில் கொஞ்சம் கூட்டி வாங்குகிறான். அந்தப் புள்ளியில் அவனுக்கு உச்சபட்சப் பயன்பாடு. 'நுகர்வோர் சமநிலை' என்று நாமும் இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். 1854இல் இந்த விதியைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஹெர்மன் கோசன் என்ற பிரஷ்ய அதிகாரி. புத்தகம் விற்கவில்லை. சாவதற்குச் சற்று முன் மிஞ்சிய படிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். (சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்குக் கோசனிடம் இந்த இடமாவது பிடிபடும்.)

இதை முதலாளித்துவக் கட்டுக்கதை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நம்மிடையே வழக்கம். ஏழைக்கு ஏது தேர்வு, வயிறு சொல்வதை வாங்குகிறான் என்போம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தப் பேச்சில் ஏழைக்கு வயிறு இருக்கிறது, புத்தி இல்லை. அவிநாசிபாளையத்து மளிகைக் கடை ஒன்றில் (அவிநாசி வேறு, இது திருப்பூர்–தாராபுரம் சாலையும் கோவை–கரூர் சாலையும் வெட்டிக்கொள்கிற ஊர்) பற்று நோட்டைப் புரட்டிப் பார்க்கக் கிடைத்தது. அதை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று தோன்றியது.

பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம், சனிக்கிழமை. நோட்டில் ஞாயிற்றுக்கிழமை வரிகள் நீளமானவை: அரைக் கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், சோப்பு, டீத்தூள். புதன் வியாழனில் சுருங்கிவிடுகின்றன. நூறு பருப்பு, ஐம்பது எண்ணெய், ஒரு சாஷே. வெள்ளிக்கிழமை தீப்பெட்டியும் வெற்றிலையும் மட்டும். சில்லறையாக வாங்கினால் ஏழைக்கு எல்லாமே விலை அதிகம் என்ற வாதமும் முழுசாகச் சரியில்லை. ஷாம்பூ சாஷேயில் பாட்டிலைவிட மில்லிக்கு மலிவாகக் கிடைப்பதுண்டு. ஐம்பது எண்ணெய் அப்படியல்ல. எதைப் பொட்டலமாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று இந்தப் பெண்களுக்குத் தெரியும். கோசன் கேட்ட கணக்கை மார்ஷலைவிட நுணுக்கமாகவே போடுகிறார்கள்.

ஒரு பிரதியில் சொல்லாமல் விடப்பட்டதையும் வாசிக்க வேண்டும் என்பார்கள். இந்த நோட்டில் உள்ளூர்க்காரர் பக்கங்களில் அரிசி ஏறக்குறைய இல்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தது. துவரம்பருப்பு கிலோ 30க்கும் பாமாயில் லிட்டர் 25க்கும் அதற்கு முன்பே வரத் தொடங்கிவிட்டன. பாடநூல் நேராகப் போட்டுக் காட்டுகிற வரவுசெலவுக் கோட்டை இங்கே வளைத்திருப்பது சந்தையல்ல, ஓட்டு அரசியல். இதை 'இலவசம்' என்று கேலி பேசுகிற நடுத்தர வர்க்கத்துக்காரர்கள் ஒருமுறை இந்த நோட்டைப் படிக்கலாம்.

அப்புறம் கறி. ஞாயிற்றுக்கிழமைக் கறியைப் பார்த்து முகம் சுளிக்காத சீர்திருத்தவாதி இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கினால் வாரம் முழுக்கச் சத்து என்பார். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் வெளியிட்ட நூலில் மொராக்கோ கிராமத்து மனிதர் ஒருவர் வருகிறார். சாப்பாட்டுக்கே போதாத வீட்டில் டிவி இருக்கிறது. கேட்டால், சாப்பாட்டைவிட டிவி முக்கியம் என்கிறார். பிசிர் வெட்டும் வேலைக்குப் போகிற ஒரு அக்காவிடம் கறிக் கணக்கைக் கேட்டேன். "ஏந்தம்பி, ஆறு நாளு கம்பெனியில பீஸ் எண்றோம். ஞாயித்துக்கெழமையும் எண்ணிக்கிட்டே உக்காரோணுங்களா?" என்றார். தமிழில் 'நுகர்தல்' என்றால் முகர்வது, அனுபவிப்பது. செலவழித்துத் தீர்ப்பது என்ற ஆங்கிலப் பொருள் அதற்குப் பிற்பாடு வந்து ஒட்டியது. அந்த அக்கா பழைய பொருளில் நுகர்கிறார்.

சிக்கல் வேறிடத்தில். 1938இல் சாமுவேல்சன், மனசுக்குள் இருக்கும் திருப்தியை அளக்க வேண்டாம், ஒருவர் வாங்குவதைப் பார்த்தாலே அவர் விருப்பம் தெரிந்துவிடும் என்றார். அமர்த்தியா சென் 1977இல் இதைக் கடுமையாக மறுத்தார். வாங்கியதெல்லாம் விரும்பியது ஆகாது. வெள்ளிக்கிழமைத் தீப்பெட்டியில் யாருடைய விருப்பம் வெளிப்படுகிறது? அங்கே வெளிப்படுவது சம்பள நாள்தான். பாடநூலுக்குத் தொகை 'கொடுக்கப்பட்டது'. கொடுத்தது யார் என்று அது கேட்பதில்லை. திருப்பூரில் வரும்படி என்பது ஒரு ஷிப்டா, ஒன்றரை ஷிப்டா என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிப்பது கப்பலேற்றும் தேதி. ஓய்வா வருமானமா என்று தொழிலாளி தராசு பிடித்துப் பார்ப்பதாக இன்னொரு அத்தியாயம் சொல்கிறது. ஆர்டர் இருந்தால் ராத்திரி ஒரு மணி வரை வேலை. இல்லாவிட்டால் வாரம் மூன்று நாள். தராசு அவர் கையில் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். 1984இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அகவிலைப்படி என்று அரசாங்கத் தமிழ் சொல்வதை மக்கள் பஞ்சப்படி என்றே சொல்கிறார்கள். பஞ்சம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும், அதாவது கோடு நகர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. உச்சபட்சப் பயன்பாடு பற்றி நம் மண்ணில் நடந்த மிகப் பெரிய விவாதம் இதுதான் என்பேன். பின்வந்த ஆண்டுகளில் உற்பத்தியை ஜாப் ஒர்க், காண்ட்ராக்ட் என்று துண்டுதுண்டாகச் சிதறடித்தார்கள். அப்படி ஒரு வேலைநிறுத்தத்துக்கு ஆட்கள் கூடுகிற ஒரே வாசல் இல்லாமல் போயிற்று.

பஞ்சப்படிக்கு அடிப்படை, தொழிற்சாலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். அதுவும் ஒரு பிரதிதான்: ஒரு தொழிலாளர் குடும்பம் எதை எவ்வளவு வாங்கும் என்று எழுதப்பட்ட கூடை. 2001 அடிப்படையில் உணவுக்கு 46.2 சதவீத எடை. 2016 அடிப்படையில் அது 39.17. தொழிலாளி வளர்ந்துவிட்டான், பருப்பைவிட மற்றதற்கு அதிகம் செலவழிக்கிறான் என்று அர்த்தம். பருப்பு விலை எகிறும்போது எண் முன்னைவிடக் குறைவாகவே அசையும் என்றும் அர்த்தம். எல்லா வீட்டுக்கும் ஒரே சராசரிக் கூடை. அந்த அக்காவின் கூடை அதில் எங்கே இருக்கிறது?

பாடநூல் குடும்பத்தை ஒரே மனிதனாக்கிவிடுவது இன்னொரு வசதி. வரவுக்கும் செலவுக்கும் நடுவே துண்டு விழுகிற இடத்தில் யார் சாப்பாடு குறைகிறது என்பது அப்போது தெரியாது. கடைசியில் சாப்பிடுகிறவளின் தட்டில்தான் சமநிலை ஏற்படுகிறது. தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாயநீர் நொய்யலையும் கிணறுகளையும் தின்றதைச் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' நாவலில் எழுதினார்; 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கெட்டுப்போன கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் தண்ணீர் குடக்கணக்கில் செலவுப் பட்டியலில் ஏறுகிறது. பனியனின் அடக்க விலையில் சேராத காசு, பனியன் தைத்தவள் வீட்டுக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

நோட்டில் இல்லாத இன்னொரு கூட்டம் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்கள் இதே கடையில்தான் வாங்குகிறார்கள், அரிசி உட்பட. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் ஊரிலுள்ள குடும்பத்தின் கார்டில்தான் அவர்கள் பெயர், முப்பது ரூபாய்ப் பருப்பும் அவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு ஏன் பக்கம் இல்லை என்று கடைக்காரரைக் கேட்டேன். "அவிய இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு ரயிலேறிருவாங்க. ரொக்கந்தானுங்க" என்றார். அவர்களுக்கு வியாழக்கிழமை நூறு பருப்பும் கிடையாது.