பெட்டிக்குள் ஒரு வெள்ளிச் சுருள்

குருவிநத்தத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், தென்பெண்ணைப் பக்கமிருந்து வரும் காற்று வீட்டுச் சுவர்வரை ஈரத்தைக் கொண்டுவந்து பூசிவிடும். என் மேசைமீதிருக்கும் டெக்ட்ரானிக்ஸ் 545 ஆஸிலோஸ்கோப்பையும் அது விடவில்லை. 1950களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பிறந்த வால்வுக் கருவி அது. திரையில் ஊசிமுனையாக நிற்கவேண்டிய பச்சைப் புள்ளி, நனைந்த தாளில் பட்ட மைபோல் பரவிக் கிடந்தது. ஃபோகஸ் குமிழைக் கடைசிவரை திருகியும் குவியவில்லை.

கார்பன் தடம் கொண்ட கண்ட்ரோலுக்கு வயதானால் ஓம் ஏறும். ஈரமும் சேர்ந்து ஏற்றிவிடும். ஃபோகஸ் கண்ட்ரோலைக் கழற்றி மீட்டர் வைத்தேன். மேலே அச்சிட்டிருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு காட்டியது.

ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோலை மாற்றுகிற கை இங்கே சற்று நிதானிக்க வேண்டும். திரைக் குழாயின் கேத்தோடு மைனஸ் 1350 வோல்ட்டில் நிற்கிறது. ஃபோகஸ் கண்ட்ரோல் தொங்குவதும் அந்த உயர் மின்னழுத்தச் சங்கிலியில்தான். சென்னை ரிச்சி தெருவில் ஓம் மட்டும் சொல்லிக் கேட்டால் போதாது, எத்தனை வோல்ட் தாங்கும் என்றும் கேட்க வேண்டும். உலோகத் தண்டு நேராகக் குமிழுக்கு வரக் கூடாது, நடுவே மின் கடத்தாத தண்டு வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களை இறக்காமல் நான் உள்ளே விரல் வைப்பதில்லை.

என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. இந்தப் பெட்டிக்குள் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை கிடையாது. வெள்ளைப் பீங்கான் பட்டைகள், அவற்றில் பல் பல்லாக வெட்டிய பள்ளங்கள், பள்ளத்துக்குள் வெள்ளிப் பூச்சு, அதில் ரெசிஸ்டர்கள் வரிசை குலையாமல் படுத்திருக்கின்றன. நாற்று நட்ட வயலைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். சாதாரண ஈயத்தை உருக்கி ஊற்றினால் அது அந்த வெள்ளியைக் கரைத்துக் குடித்துவிடும். திரும்பத் திரும்பப் பற்றவைத்தால் பீங்கான் மொட்டையாகிவிடும். அதனால் சுமார் 3 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம்தான் வேண்டும். கருவியைச் செய்தவர்கள் அதில் ஒரு சிறு சுருளைப் பெட்டிக்குள்ளேயே மாட்டி அனுப்பினார்கள். எந்த ஊரிலோ, எத்தனை வருடம் கழித்தோ இதைத் திறக்கப்போகிற முகம் தெரியாத மெக்கானிக்குக்காக! இத்தனை அன்போடு செய்த இயந்திரத்தை நான் வேறு கண்டதில்லை.

என் சுருளில் ஒரு முழம்கூட மிச்சமில்லை. எனக்கு முன்னால் யாரோ அதைச் சரியாகத்தான் செலவழித்திருக்கிறார்கள். புதுக் கண்ட்ரோலைப் பற்றவைக்க இரண்டு பள்ளங்களுக்கு அளந்து எடுத்தேன். ஈயம் பளிச்சென்று ஓடிப் படிந்தது.

இரவு ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டேன். திரையின் பாஸ்பர் பூச்சு கருகாமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன். ஃபோகஸ் தனியாக வேலை செய்யாது. பக்கத்தில் இருக்கும் அஸ்டிக்மாட்டிசம் குமிழும் கூடவே வர வேண்டும். இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம். நீள்வட்டம் உருண்டது, உருண்டை மிளகானது, மிளகு கடுகானது.

குமிழிலிருந்து கையை எடுத்தேன். வெளியே மழை விடவில்லை. புள்ளி அசையாமல் நின்றது.