பெர்பெரின் சொல்வதும் சொல்லாததும்

சிறுநீரகக் கல்லுக்கென்று ஹோமியோபதி மருந்துக் கடைகளில் பலரும் கேட்டு வாங்குவது பெர்பெரிஸ் வல்காரிஸ் தாய்த் திரவம். ஐரோப்பியச் செடியொன்றின் வேர்ப்பட்டையை மதுசாரத்தில் ஊறவைத்து எடுப்பது. அதன் நெருங்கிய உறவான பெர்பெரிஸ் டிங்டோரியா நம் பழனி மலையின் உயரங்களிலேயே வளர்கிறது. நீலகிரியில் அதை ஊசிக்களா என்பார்கள். இரண்டின் வேரும் மஞ்சள். அந்த நிறத்தைத் தருவது பெர்பெரின் என்ற ஆல்கலாய்டு. அதே பெர்பெரின் மரமஞ்சளிலும் உண்டு, அமெரிக்காவின் ஹைட்ராஸ்டிஸ் கிழங்கிலும் உண்டு. ஆகவே பெர்பெரினை மட்டும் அளந்து தரச்சான்று கொடுத்தால், புட்டிக்குள் இருப்பது எந்தச் செடி என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

வேதியியல் தரப்படுத்தல் வீண் வேலை என்று இதற்குப் பொருளில்லை. இந்திய ஹோமியோபதி மருந்து நூலின் முதல் தொகுதி 1971-இல் வெளிவந்தது. காசியாபாத்தில் அதற்கான ஆய்வகம் 1975-இல் அமைந்தது. மதுசார அளவு, திடப்பொருள் அளவு, ஒளி உறிஞ்சும் அலைநீளம், மென்படல வண்ணப்பிரிகை என்று சோதனைகள் வகுக்கப்பட்டன. விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டியிருந்த இடத்தில் ஓர் அளவுகோல் வந்தது பெரிய காரியம். அத்தகைய அளவுகோலைக் கறாராகப் பின்பற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி: பல் முளைக்கும் குழந்தைகளுக்கென விற்ற ஹோமியோபதி மாத்திரைகள் சிலவற்றில், நஞ்சுச் செடியான பெல்லடோனாவின் அளவு சீராக இல்லை, சிலவற்றில் குறிப்பிட்டதைவிட மிக அதிகம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அறிவித்தது.

பழனி மலையில் உள்ள கொடைக்கானலுக்கு இந்தச் சோதனை இன்னும் நெருக்கமான விஷயம். 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் அங்கே மண்ணில் கலந்தது. மேல்மலைத் தோட்டங்களில் பூச்சிக்கொல்லி தெளிக்கிறார்கள். அந்த மண்ணில் பறித்த செடியில் கன உலோகமோ பூச்சிக்கொல்லி எச்சமோ உண்டா என்று பார்க்காமல் மருந்து செய்வதை ஏற்கவே முடியாது. இதைக் கண்ணோ நாக்கோ காட்டித் தராது, கருவிதான் காட்டும்.

ஆனால் கருவிக்கு முன்னால் தாவரவியலாளர் வர வேண்டும். திருச்சி ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தின் கே.எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களை விவரித்து 1999-இல் வெளியிட்ட நூல் நம்மிடம் இருக்கிறது. பூவும் காயும் உள்ள கிளையை உலர்த்தி, இனம் உறுதி செய்து, அந்த மாதிரியைப் பாதுகாத்த பிறகே வேர் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பொடியாகிவிட்ட வேரில் இனம் தேடுவது கடினம். கோல்தேரியா என்ற மருந்துச் செடியிலும் பெர்பெரிஸின் சிக்கல்தான்: ஹோமியோபதி கேட்பது வட அமெரிக்கச் செடி, நம் மலையில் இருப்பது வேறோர் இனம், இரண்டின் எண்ணெயிலும் மேலோங்கி நிற்பது மெத்தில் சாலிசிலேட். ஒரு பொருளை மட்டும் தேடாமல் பல பொருள்களின் விகிதத்தைப் பார்ப்பதே பயன் தரும். ஹைட்ராஸ்டிஸில் பெர்பெரினோடு ஹைட்ராஸ்டினும் சேர்ந்திருப்பதால் அதைப் பிரித்தறிய முடிகிறது.

இதைவிடப் பெரிய குறை, தாய்த் திரவத்தைப் படிப்படியாக நீர்த்துச் செய்யும் வீரிய மருந்துகளில் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் நூறில் ஒரு பங்காக நீர்த்தால், 12-ஆம் படியில் மூலப்பொருள் 1-க்குப் பின் 24 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்கு. ஒரு மோல் பொருளில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணோ 6.022 × 10²³. அந்தப் படியைத் தாண்டினால் செடியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. நோயாளி கையில் வாங்குவதோ பெரும்பாலும் 30-ஆம், 200-ஆம் படி வீரியம் ஏற்றிய சர்க்கரை உருண்டைகள். அந்த உருண்டைகளில் பெர்பெரிஸையும் கோல்தேரியாவையும் பிரித்துக்காட்ட எந்த வேதியியல் சோதனையாலும் இயலாது. தாய்த் திரவம் பெற்ற சான்றை அவற்றுக்கும் சேர்த்துக் காட்டுவது நேர்மையாகாது. தூய்மைக்கான சான்று குணப்படுத்தும் திறனுக்கான சான்றும் ஆகாது. நம்பத்தக்க ஆதாரத்தோடு ஹோமியோபதி பலன் தரும் நோய் எதுவும் இல்லை என்றே ஆஸ்திரேலிய தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் முடிவு சொன்னது.

தாய்த் திரவப் புட்டியில் எந்த இனம், எங்கே பறித்தது, எந்தெந்தச் சோதனையில் தேறியது என்று அச்சிடுங்கள். உயர் வீரியப் புட்டியில், இதை வேதியியலால் சோதிக்க இயலாது என்று எழுதுங்கள். கல் வலியால் துடிப்பவர் முதலில் ஸ்கேன் எடுத்து மருத்துவரைப் பார்க்கட்டும்.