கோலாலம்பூரின் தமிழ்ச் சொல்லிசை முன்னோடிகள்

சொல்லிசை எனப்படும் ராப், தமிழில் திரைப்படத்திற்கு வெளியே தனி இசைத்தொகுப்பாக வேர்விட்ட இடங்களுள் முக்கியமானது மலேசியத் தலைநகர் கோலாலம்பூர். யோகி பி, அவர் இருந்த பொயட்டிக் அம்மோ குழு, பின்னர் அவருடன் இணைந்த டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் இதன் முன்னோடிகள். தமிழகத்தில் தமிழ் ராப்பின் வரலாறு பெரும்பாலும் 2011-ஆம் ஆண்டிலிருந்தே சொல்லப்படுகிறது. அதற்கு முன்பே கடல் கடந்த ஊரில் நடந்த மொழிச் சோதனை போதிய கவனம் பெறவில்லை.

பின்னணி

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களிலிருந்து பெருமளவில் தொழிலாளர்கள் சென்றனர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதி அன்று தென்னாற்காட்டில்தான் இருந்தது. தோட்ட வாழ்க்கை சுருங்கியபோது அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம் என்பது அவர்களின் அன்றாடமாயிற்று.

இசையில் பெயர் பெற விரும்பிய தமிழர், பிற மொழியில் பாடினால்தான் நாடறிய முடியும் என்ற நிலையும் இருந்தது. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் புகழ்பெற்றது இதற்குச் சான்று.

பொயட்டிக் அம்மோவும் வல்லவனும்

1990-களில் உருவான பொயட்டிக் அம்மோ, பல இனத்தவர் சேர்ந்த குழு. 1998-இல் வெளிவந்த அதன் முதல் தொகுப்பில் ஆங்கிலமே ஓங்கியிருந்தாலும் பிற மொழிகளோடு தமிழும் இடம்பெற்றது. ஆயினும் அங்கே தமிழ் ஒரு விருந்தாளிதான்.

2006-இல் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்ற பெயரில் வெளியான 'வல்லவன்' தொகுப்பில் தமிழ் வீட்டுக்காரராயிற்று. தமிழ்த் திரையில் ராப் அதற்கு முன்பே வந்துவிட்டது. 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்' எல்லோரும் அறிந்தது. ஆனால் அது ஒரு கதையின் நடுவே வரும் கலகலப்பு. 'வல்லவன்' தொகுப்பிலோ பாடுபவரே எழுதியவர், பாத்திரமும் அவரே. இந்த வேறுபாடு முக்கியமானது. தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்பது ராப் கலையின் அடிப்படை.

மொழியும் தாளமும்

ஆங்கில ராப் பெரிதும் அடியின் இறுதியில் வரும் ஒத்த ஓசையை நம்பி நிற்பது. தமிழில் இதை இயைபு என்பர். தமிழில் இயைபு மிக எளிதாகக் கிடைக்கும். அதுவே அதன் சிக்கல். வினைச்சொல் தொடரின் இறுதியில் வருவதால் 'வந்தேன், நின்றேன், சென்றேன்' என்று விகுதிகளே ஒலித்துக்கொண்டிருக்கும். சில அடிகளில் காது சலித்துவிடும். தமிழ் யாப்பு எதுகையையும் மோனையையும் சீர்களின் தொடக்கத்தில் வைத்து ஓசை வளர்த்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 'பாடம், மாடம்' என்பது எதுகை. 'கடல், கரை, கப்பல்' என்பது மோனை.

கோலாலம்பூர்க் கலைஞர்கள் இயைபை விடாமல், மோனையையும் எதுகையையும் தாளத்தின் அழுத்தம் விழும் இடங்களில் பயன்படுத்தினர். வல்லின எழுத்துகளின் இரட்டிப்பு அவர்களுக்கு மேளத்தின் அடிபோலப் பயன்பட்டது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் ஆங்கிலமும் ஒரே பாட்டில் கலந்தன. கலப்பு மொழி என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. ஆனால் மூன்று மொழிகளுக்கிடையே வாழும் இளைஞனின் வாய்மொழி அதுதான். அதைத் திருத்தி எழுதியிருந்தால் பாட்டு பொய்யாகியிருக்கும்.

குறைகள்

தொகுப்பின் புகழ்பெற்ற பாடலான 'மடை திறந்து', 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையமைத்த பாடலின் மறுஆக்கம். இசையில் வெல்லத் துடிக்கும் இளைஞனின் கனவுப் பாடலைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே. எனினும் கேட்பவர் மனத்தில் முதலில் தங்குவது பழைய மெட்டு; ராப் அதன் இடைவெளியை நிரப்புவதாகிவிடும் ஆபத்து அதில் உள்ளது.

தமிழ்த் திரையுலகம் அந்த ஆபத்தையே வழக்கமாக்கியது. 'பொல்லாதவன்' (2007) படத்தில் யோகி பி பங்கேற்ற 'எங்கேயும் எப்போதும்' இன்னொரு பழைய பாடலின் மறுஆக்கம்தான். 'ஆடுகளம்' (2011) படத்தின் 'போர்க்களம்' பாடலில் அவர் குரலுக்குக் கதையோடு ஒட்டிய வலுவான இடம் கிடைத்தது. அத்தகைய வாய்ப்புகள் குறைவே. தன்னைத் தானே வல்லவன் என்று முழங்கும் குரல் ஒதுக்கப்பட்டவருக்குத் தேவையானது. ஆனால் அந்த முழக்கத்தின் அளவுக்குத் தோட்டத்து நினைவும் குடிபெயர்ந்த வலியும் பாட்டில் கேட்கவில்லை.

பின்வந்தோர்

2011-இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியபோது ராப் தமிழக இளைஞர்களிடம் வேகமாகச் சென்றது. பெண்கள் குடிப்பதைப் பழித்ததற்காக அப்பாடல் கண்டனமும் பெற்றது. வடிவம் புதிதாக இருந்தும் பார்வை பழையதாக இருக்கலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. 2019-இல் அறிவு, ஆஃப்ரோ இருவரும் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பு சாதியையும் அரசியலையும் நேரடியாகப் பேசியது. கோலாலம்பூர்க் கலைஞர்கள் விட்ட இடத்தை அது ஒருவகையில் நிரப்பியது.

மதிப்பீடு

ராப்பைத் தெருக்கூத்தின் வழித்தோன்றல் என்று சொல்வது மிகை. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் நிகழ்விடத்திலேயே கேலியும் சேதியும் கோத்துப் பேசுவதோடு அதற்கு ஒற்றுமை உண்டு, உறவு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: ஊர்ப் பேச்சு மேடைக்குத் தகுதியானது.

கோலாலம்பூர் முன்னோடிகள் தந்த கொடையும் இதுவே. அவர்களின் பாடல்கள் அனைத்தும் நிலைக்கும் என்று கூற இயலாது. அவர்கள் செய்து காட்டிய முறை நிலைக்கும். கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடும் குடும்பத்து மாணவரோ, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுபவரின் பிள்ளையோ நாளை ராப் எழுத முனைந்தால், பிற ஊர்க் குரலைப் போலி செய்ய வேண்டியதில்லை. வீட்டில் பேசும் சொற்களை எடுத்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்டுப் பார்த்துத் தொடங்கலாம்.